அத்தியாயம் 4: உங்கள் நிலத்தை அரசு இணையதளத்தில் தேடி எடுப்பது

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் கணினியிலோ கைபேசியிலோ மூன்று கோப்புகள் இருக்கும்: பட்டா, அ-பதிவேடு, வில்லங்க விவரம். மூன்றையும் தமிழ்நாட்டில் எவரும் வீட்டிலிருந்தே, கட்டணமில்லாமல் பார்க்கலாம். இருந்தும் பலர் தளத்தைத் திறந்து, இரண்டு கட்டங்களை நிரப்பி, "விவரம் இல்லை" என்று வந்ததும் மூடிவிடுகிறார்கள். அப்படி மூடியவர்களில் பெரும்பாலோருக்கு நிலத்தில் சிக்கல் எதுவும் இல்லை. தவறான மாவட்டம், பழைய எண், தப்பான கிராமப் பெயர் என்று ஏதோ ஒன்றை நிரப்பியிருப்பார்கள். அதனால் வேலையைத் திரையில் தொடங்காமல் மேசையில் தொடங்குவோம்.

தளத்தைத் திறக்கும் முன்

வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம், பட்டா நகல், தீர்வை ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

1. மாவட்டம், வட்டம். பத்திரத்தில் இருப்பதும் இன்று இருப்பதும் வேறாக இருக்கலாம்.
2. வருவாய் கிராமத்தின் பெயர்.
3. புல எண்ணும் உட்பிரிவும். 112/2 என்றால் 112 புல எண், 2 உட்பிரிவு. பத்திரங்களில் இதுவே சர்வே எண் என்று இருக்கும்.
4. பட்டா எண், தெரிந்தால்.
5. பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம்.

முதல் இரண்டில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து மாவட்டங்கள் பிரிந்தன. 2020-ல் மயிலாடுதுறை பிரிந்தது. சங்கரன்கோவில் பக்கத்து நிலத்தின் பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். தளத்தில் அதைத் தென்காசியில்தான் தேட வேண்டும். பெரிய வட்டங்கள் உடைந்து புது வட்டங்களும் வந்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் உட்கடை கிராமமாக இருக்கும். தளத்தின் பட்டியலில் வருவாய் கிராமங்களின் பெயர் மட்டுமே வரும். உங்கள் ஊர் எந்த வருவாய் கிராமத்தில் அடங்குகிறது என்பதைத் தீர்வை ரசீதே சொல்லிவிடும். ஒரே பெயர் பகுதி 1, பகுதி 2 என்று இரண்டு முறை வந்தால் இரண்டிலும் தேடிப் பாருங்கள்.

முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

கூகுளில் "பட்டா சிட்டா" என்று தட்டினால் முதலில் வருபவற்றில் தனியார் தளங்களும் விளம்பரங்களும் கலந்திருக்கும். அவற்றில் சில பணம் கேட்கும், சில உங்கள் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும். தேடல் வழியாகப் போகாமல் முகவரிப் பட்டையில் நீங்களே தட்டுங்கள்.

பட்டாவுக்கு: இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்.
வில்லங்கத்துக்கு: டிஎன்ரெஜிநெட் டாட் கவ் டாட் இன்.

இரண்டுமே "கவ் டாட் இன்" என்று முடிகின்றன. ஜி, ஓ, வி, ஒரு புள்ளி, ஐ, என். போலித் தளங்கள் இதே எழுத்துகளை முகவரியின் நடுவில் நுழைத்துவிட்டு வேறு ஏதாவதில் முடியும். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது "கவ் டாட் இன்" இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பாதுகாப்புக்கு இன்னும் மூன்று:

* பட்டா பார்க்க ஆதார் எண், வங்கி விவரம், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. கைபேசி எண் கேட்டு ஒருமுறைக் கடவு எண் அனுப்புவார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணைத் தளத்தின் கட்டத்தில் மட்டுமே இடுங்கள். யாராவது போன் செய்து கேட்டால் சொல்லாதீர்கள்.
* வாட்ஸ்அப்பில் "பட்டா ஆப்" என்று வரும் கோப்பை நிறுவவே வேண்டாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். அது இணையக் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண்.
* பிரவுசிங் சென்டரில் பார்த்தால், எடுத்த கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழித்துவிட்டு எழுந்திருங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

பட்டாவை எடுக்கும் படிகள்

1. தளத்தின் முகப்பில் மொழித் தெரிவு இருக்கும். தமிழையே தேர்ந்தெடுங்கள். கிராமப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுவது வீண் சிரமம்.
2. நில உரிமை விவரங்களைப் பார்வையிடும் இணைப்பை அழுத்துங்கள். பட்டா, சிட்டா, புலப்படம், நகர நில அளவைப் பதிவேடு என்ற சொற்கள் அதிலேயே இருக்கும்.
3. மாவட்டத்தையும் நில வகையையும் தேர்ந்தெடுங்கள். வயல், தோட்டம் என்றால் ஊரகம். நகர எல்லைக்குள் என்றால் நகர்ப்புறம். அங்கே வார்டு, பிளாக், நகரப் புல எண் கேட்கும். ஊருக்குள் இருக்கும் வீட்டு மனை நத்தமாக இருக்கலாம். அதற்கான பதிவு வேறு, ஊரக நிலங்களோடு சேர்த்துத் தேடினால் கிடைக்காது.
4. வட்டம், கிராமம் தேர்ந்தெடுங்கள். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தபின் கிராமப் பட்டியல் நிரம்பச் சில நொடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து அழுத்தினால் காலியாகத்தான் இருக்கும்.
5. பட்டா எண் வழியாகவோ புல எண் வழியாகவோ தேடலாம். புல எண்ணையே பரிந்துரைக்கிறேன். பெயர் மாற்றமோ பிரிவினையோ நடந்திருந்தால் பட்டா எண் மாறியிருக்கும்.
6. புல எண்ணை மட்டும் அதன் கட்டத்தில் இடுங்கள். 112/2 என்று முழுதாகத் தட்டக் கூடாது. உட்பிரிவைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உட்பிரிவு இல்லாத நிலம் சிறு கோடாகத் தெரியும்.
7. கைபேசி எண், ஒருமுறைக் கடவு எண், படத்தில் தெரியும் எழுத்துகள் ஆகியவற்றை நிரப்பிச் சமர்ப்பியுங்கள்.
8. பட்டா திறந்ததும் முதல் வேலையாக அதைக் கோப்பாகச் சேமியுங்கள். புலப்படம் கிடைத்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இடையில் செய்யக் கூடாதவை: உலாவியின் பின்செல் அம்பை அழுத்தாதீர்கள். அமர்வு முடிந்துவிட்டது என்று சொல்லி, முதலிலிருந்து நிரப்பச் சொல்லும். ஒரே பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்துவதும் அப்படித்தான். பகலில் தளம் மெதுவாக இருந்தால் அதிகாலையில் முயன்று பாருங்கள்.

பட்டாவைப் படிப்பது

கையில் வந்த தாளின் தலைப்பில் 10(1) என்ற எண் தெரியும். கிராமக் கணக்குகளில் 10-ஆம் எண்தான் சிட்டா. அதனால் "பட்டா கிடைத்தது, சிட்டா எங்கே?" என்று தேடி அலைய வேண்டாம், இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. வங்கியில் அடங்கல் கேட்டால் அது வேறு. அது 2-ஆம் எண் கணக்கு, பயிர் விவரம் சொல்வது. கிராம நிர்வாக அலுவலர் பராமரிப்பது.

உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், புல எண், நன்செய், புன்செய் என்று வரிசையாகச் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறித்து வையுங்கள். விற்கும் நாளில் அந்த ஓர் எழுத்தே காரியத்தைத் தடுக்கும்.

அடுத்தது பரப்பு. இதைத் தவறாகப் படிப்பவர்கள் ஏராளம். பட்டாவில் ஏக்கர், செண்ட் கிடையாது. ஹெக்டேர், ஏர் என்ற கணக்கு. "0 - 12.50" என்று இருப்பதைப் பார்த்து, தன் நிலம் பன்னிரண்டரை செண்டாகச் சுருங்கிவிட்டது என்று பதறிப்போய் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அது 12.50 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.471 செண்ட். 12.50 ஏரை 2.471-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 30.9 செண்ட். அவருடைய பத்திரத்தில் 31 செண்ட் என்று இருந்தது. நிலம் அப்படியே இருந்தது, அவர் தூக்கம்தான் இரண்டு நாள் போயிருந்தது.

கணக்கு இவ்வளவுதான்:

* 1 ஹெக்டேர் = 100 ஏர் = 2 ஏக்கர் 47 செண்ட்
* 1 ஏக்கர் = 100 செண்ட்
* 1 செண்ட் = 435.6 சதுர அடி

"2 - 05.00" என்றால் 205 ஏர், பெருக்கினால் ஏறக்குறைய 506.5 செண்ட், அதாவது 5 ஏக்கர் ஆறரை செண்ட். அரை செண்ட், கால் செண்ட் வித்தியாசம் அலகு மாற்றத்திலும் வரும். அதைத் தாண்டிய வித்தியாசம் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

அ-பதிவேடு: பழைய எண்ணுக்காக

பட்டா எடுத்த அதே தளத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கும் இணைப்பும் இருக்கிறது. படிகள் ஏறக்குறைய அவையே. நிலம் அரசுடையதா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நன்செயா புன்செயா, மண் வகை, தீர்வை எல்லாம் இதில் தெரியும். நமக்கு இங்கே முக்கியமாக வேண்டியது பழைய புல எண்.

1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யுடிஆர் என்று தாலுகா அலுவலகத்தில் இன்றும் சொல்வார்கள். அப்போது பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. மறு நில அளவை நடந்த கிராமங்களில் எண்களும் மாறின. தாத்தாவின் பத்திரத்தில் இருக்கும் எண்ணை இன்றைய தளத்தில் இட்டால் வேறொருவர் நிலம் வருவது இதனால்தான். அ-பதிவேட்டில் புதிய எண்ணுக்கு நேரே பழைய எண் இருந்தால், அதைத் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு அது வேண்டும்.

வில்லங்கத்தைப் பார்க்கும் படிகள்

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. வில்லங்கம் பதிவுத் துறையுடையது. இவை வேறு வேறு அலுவலகங்கள், வேறு வேறு எல்லைகள். உங்கள் வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தளத்தில் நுழையும் முன் இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. பதிவுத் துறைத் தளத்தில் மின்னணு சேவைகள், அதனுள் வில்லங்கச் சான்று, அதனுள் விவரம் பார்வையிடுதல் என்று போங்கள். பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.
2. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால், உங்கள் கடைசிப் பத்திரத்தின் முத்திரையைப் பாருங்கள்.
3. தொடக்க நாள், முடிவு நாள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்தில் பார்க்கலாம். வங்கிகள் 30 ஆண்டு கேட்பது வழக்கம். ஆனால் உங்கள் தேவைக்குப் பார்ப்பதானால் 1975-லிருந்தே பாருங்கள், செலவு எதுவுமில்லை.
4. கிராமம், புல எண், உட்பிரிவு. நிரப்பியதும் பக்கத்தில் சேர்க்கும் பொத்தான் தெரிந்தால் அதை அழுத்தி, கீழே உள்ள பட்டியலில் எண் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறாமல் தேடினால் பிழைச் செய்திதான் வரும்.
5. படத்திலுள்ள எழுத்துகளை இட்டுத் தேடுங்கள். முடிவு வந்ததும் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து, வில்லங்கம் இல்லை என்று நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் உண்டு. குறைந்தது மூன்று முறை தேட வேண்டும்:

முதலில், இன்றைய எண்: 112/2ஏ.
இரண்டாவது, அது பிரிவதற்கு முன் இருந்த தாய் எண்: 112/2. உட்பிரிவு ஆவதற்கு முன் யாராவது அடமானம் வைத்திருந்தால், அது தாய் எண்ணின் கீழேதான் பதிவாகியிருக்கும். 112 என்று புல எண்ணை மட்டும் இட்டும் ஒருமுறை பாருங்கள். பட்டியல் நீளமாக வரும், ஆனாலும் வரி வரியாகப் படியுங்கள்.
மூன்றாவது, அ-பதிவேட்டில் எடுத்த பழைய எண்.

இடையில் உங்கள் கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

வரிகளைப் படிக்கும்போது

ஒவ்வொரு வரியிலும் ஆவண எண், ஆண்டு, பதிவு நாள், தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சொத்து விவரம் இருக்கும். தன்மை என்ற இடத்தில் கண்ணை வையுங்கள். அடமானம் என்று ஒரு வரி இருந்தால், பின்னால் அதை ரத்து செய்த ரசீது ஒன்று இருக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் இருந்தால், அதைக் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். விற்றவர் பெயர் அதற்கு முந்தைய வரியில் வாங்கியவராக வருகிறதா என்று பென்சிலால் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோடு அறுபடும் இடத்தில் ஒரு பாகப்பிரிவினையோ உயிலோ மரணமோ இருக்கும். அதற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவாகாத உயில், பதிவாகாத கடன், நிலுவையிலுள்ள வழக்கு போன்றவற்றை வில்லங்கத்தில் பார்க்க முடியாது. எல்லா வரிகளும் சுத்தமாக இருந்தாலும் வாங்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கோப்பு திறக்கவில்லையா?

*பொத்தானை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை.* புதிதாகத் திறக்கும் சாளரத்தை உலாவி தடுத்திருக்கும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒரு சிறு குறி தெரியும். அதை அழுத்தி இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

*கைபேசியில் பக்கம் பாதியாகத் தெரிகிறது.* குரோமில் மூன்று புள்ளியை அழுத்தி, டெஸ்க்டாப் தளம் என்ற தெரிவை இடுங்கள். பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் அட்டவணை முழுதாகத் தெரியும்.

*இறக்கிய கோப்பைக் காணவில்லை.* டவுன்லோட்ஸ் கோப்புறையில் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு கிடக்கும். எடுத்த உடனே "கீழத்தெரு-112-2ஏ-பட்டா" என்பது போலப் பெயர் மாற்றி, தேதியையும் சேர்த்து வையுங்கள்.

*கடவுச்சொல் கேட்கிறது.* பட்டாவுக்கும் வில்லங்க விவரத்துக்கும் கடவுச்சொல் கிடையாது. கேட்டால் அது தளத்திலிருந்து வந்த கோப்புதானா என்று சந்தேகியுங்கள். இறக்கிய ஆதார் கோப்புக்கு மட்டும் உண்டு: பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டின் 4 இலக்கங்கள்.

*கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி.* கட்டணம் செலுத்தி வாங்கும் வில்லங்கச் சான்றில் சார்பதிவாளரின் மின்னணுக் கையெழுத்து இருக்கும். கைபேசியிலோ உலாவியிலோ திறந்தால் அதைச் சரிபார்க்க முடியாமல் போகலாம். கணினியில் அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் வலது பொத்தானை அழுத்திச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கேள்விக்குறி வந்தாலே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். கையெழுத்துக்கு உத்தரவாதம் தரும் அமைப்பை உங்கள் மென்பொருள் இன்னும் அறியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் ஒன்று: அந்தக் கோப்பைத் திறந்து மறுபடி கோப்பாக அச்சிட்டாலோ படம் பிடித்து அனுப்பினாலோ மின்னணுக் கையெழுத்து போய்விடும். வங்கிக்கு மூலக் கோப்பையே அனுப்புங்கள்.

பிறர் கொடுத்த பட்டாவைச் சோதிப்பது

விற்பவர் பட்டா அச்சுப்படி ஒன்றை நீட்டினால், அதன் கீழே இருக்கும் குறிப்பு எண்ணைப் பாருங்கள். பட்டாவைச் சரிபார்க்கும் இணைப்பு அதே அரசுத் தளத்தில் உண்டு. எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள். தாளில் இருக்கும் கியூஆர் குறியைப் படம் பிடிப்பது சுலபம்தான். ஆனால் போலித் தாளை அச்சிடுபவரால் போலித் தளத்துக்குக் கூட்டிப்போகும் குறியையும் அச்சிட முடியும். குறியைப் பயன்படுத்தினால் திறந்த பக்கத்தின் முகவரியை மறுபடி படியுங்கள்.

தாளில் அச்சான தேதியையும் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பட்டா அன்றைய நிலவரத்தையே சொல்லும். குறிப்பு எண்ணைச் சோதித்த கையோடு, புல எண்ணை இட்டுப் புதிதாக ஒன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகாவிட்டால்

காலமான தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிறதா? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து, இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். பல வாரிசுகள் இருந்தால் கூட்டுப் பட்டாவாக வரும்.

பத்திரம் உங்கள் பெயரில், பட்டா வேறொருவர் பெயரில் என்றால் தாமதிக்க வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. ஆனாலும் தவறான பட்டாவை வைத்து ஒருவர் உங்கள் நிலத்தை விற்கத் துணிந்தால், அதன்பின் உங்கள் காலமும் பணமும் நீதிமன்றத்தில்தான் போகும்.

1. பத்திரத்தின் நகல், நீங்கள் எடுத்த மூன்று கோப்புகளின் அச்சு, தீர்வை ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கட்டாகச் சேருங்கள்.
2. தவறு எந்த வரியில் என்று ஒரே பத்தியில் மனு எழுதுங்கள். "யுடிஆரில் பெயர் விடுபட்டது" என்பது போலக் காரணம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். குடும்ப வரலாறு வேண்டாம்.
3. வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஜமாபந்தியிலும் இதே மனுவைக் கொடுக்கலாம்.
4. பதில் வராவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் மனுவின் மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மட்டும் கேளுங்கள்.
5. ஆணை வந்த பிறகு, தளத்தில் மறுபடி நுழைந்து புதுப் பட்டாவை இறக்குங்கள். பெயர், தந்தை பெயர், உட்பிரிவு, பரப்பு நான்கும் ஆணையில் உள்ளபடி ஏறியிருக்கின்றனவா என்று விரலை வைத்துப் படியுங்கள். ஏறவில்லையென்றால் அந்த வாரமே ஆணை நகலோடு அலுவலகத்துக்குப் போங்கள்.